கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்வது திருட்டா? உங்கள் கருத்து என்ன?

பம்ப் டிசைன் எழுதியது:

வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். சந்தையில் புதிதாக ஒரு மோட்டார் வந்தால் வாங்கி வந்து கழற்றுவோம். இம்பெல்லரின் வளைவு, காயில் கம்பியின் கேஜ், ஸ்டாம்பிங் தகட்டின் கனம், என்ன சீல் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அளந்து எழுதி வைப்போம். இந்தத் தொழிலில் இது ரகசியமே இல்லை. எங்கள் மோட்டாரையும் யாரோ கழற்றிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதே ஆட்கள் மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்து "சீனாக்காரனுக்குக் காப்பி அடிக்கத்தான் தெரியும்" என்று பேசும்போது எனக்கு உறுத்துகிறது. நாம் செய்தால் ஆராய்ச்சி, அவர்கள் செய்தால் திருட்டா?

நகல் எடுப்பது மூளை இல்லாத வேலை என்ற எண்ணமே தவறு என்று நினைக்கிறேன். 1944இல் மூன்று அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சோவியத் மண்ணில் இறங்க நேர்ந்தது. அதே மாதிரி செய்யும்படி ஸ்டாலின் உத்தரவு போட்டார். அமெரிக்கத் தகடு அங்குலக் கணக்கு, சோவியத் ஆலைகளோ மில்லிமீட்டர் கணக்கு. பதினாறில் ஒரு பங்கு அங்குலம் என்றால் 1.5875 மி.மீ. அந்தக் கனத்தில் அங்கே தகடே கிடையாது. எந்த இடத்தில் எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, சில இடத்தில் தடிமனாகவும் சில இடத்தில் மெல்லியதாகவும் வைத்தார்கள். எஞ்சினும் துப்பாக்கிகளும் அவர்களுடையவை. 1947இல் டு-4 என்ற அந்த சோவியத் விமானம் பறந்தது. அச்சு அசல் நகல் என்று உலகமே சொல்லும் பொருளுக்குள் இவ்வளவு சொந்தக் கணக்கு இருக்கிறது.

கற்றல் எங்கே முடிந்து திருட்டு எங்கே தொடங்குகிறது? தொழில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

எனக்கு இதில் குழப்பமே இல்லை. ஒருவர் பத்து வருடம் பணத்தையும் தூக்கத்தையும் செலவழித்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். இன்னொருவர் அதை வாங்கி ஒரு மாதத்தில் அளந்து பாதி விலைக்கு விற்கிறார். முதல் ஆள் ஏன் இனிமேல் எதையும் கண்டுபிடிக்க வேண்டும்?

நம் ஊரில் இதற்குச் சாக்கு சொல்வது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கோனார் உரை, கல்லூரியில் பழைய ப்ராஜெக்டை விலைக்கு வாங்குவது, ஆபீசில் போட்டியாளரின் ஆப்பைப் பார்த்து அதே மாதிரி ஒன்று. சொந்தமாக யோசிப்பதற்கு நாம் மரியாதை கொடுப்பதே இல்லை. சீனாவைத் திட்டுகிறோமே என்று வருத்தப்பட வேண்டாம், நம்மையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளலாம்.

சுவடிப்பெட்டி எழுதியது:

நேர்கோடு சொல்லும் கோபம் நியாயமானது. கல்லூரி ப்ராஜெக்ட் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன், அதில் கற்றல் எதுவுமே நடப்பதில்லை. ஆனால் "சொந்தமாக யோசிக்கும் நாடுகள்" என்று இன்று சொல்லப்படுபவை எப்படி அந்த இடத்துக்கு வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஜவுளி வரலாறு படிப்பவள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன்.

நம் சோழமண்டலக் கரையில் செய்த சாயத் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை ஆட்டிவைத்தன. பருத்தித் துணியில் துவைத்தாலும் போகாத சிவப்பு அங்கே யாருக்கும் கைவரவில்லை. உள்ளூர் நெசவாளர்கள் போராடியதால் 1686இல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டமும் 1721இல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் கொண்டுவந்தது. ஒருபக்கம் தடை, இன்னொரு பக்கம் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சி. 1730களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் வேலை செய்வதை அருகில் இருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு அவருடைய கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸில் இருக்கிறது. 1742இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் இதே முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவரே சொல்கிறார். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து துணியை ஊறவைப்பது, படிகாரத்தால் கோடு போடுவது, அப்புறம் சாயவேரில் கொதிக்கவைப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1759இல் பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு வருடமே பாரிஸ் பக்கத்தில் ஜூய் என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுத் துணிப் பட்டறையைத் தொடங்கினார். இன்று "பிரெஞ்சுப் பாணி" என்று விலை உயர்த்தி விற்கும் துணி அந்த ஊர்ப் பெயரில்தான் விற்கிறது. இங்கே சாயவேரைத் தோண்டி எடுத்தவர்களின் பெயர் எதுவும் எங்கும் பதிவாகவில்லை.

அமெரிக்கா? இங்கிலாந்து தன் நூற்பு இயந்திரங்களையும் அதில் பழகிய தொழிலாளர்களையும் நாட்டை விட்டு வெளியே விடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. பெல்பர் பகுதியில் ஸ்ட்ரட்டின் ஆலையில் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் கப்பல் ஏறினார். கையில் வரைபடம் எதுவும் இல்லை, எல்லாம் நினைவில் இருந்தது. 1790 முடிவதற்குள் ரோட் ஐலண்டில் பாடக்கெட் என்ற ஊரில் ஆர்க்ரைட் முறை நூற்பு இயந்திரம் தண்ணீர் விசையில் ஓடியது. அமெரிக்கத் தொழிற்புரட்சியின் தந்தை என்று அங்கே பெயர், சொந்த ஊரில் துரோகி என்று பெயர். மறு வருடம் நிதிச் செயலாளர் ஹாமில்டன் எழுதிய அறிக்கையே வெளிநாட்டு இயந்திரங்களைக் கொண்டுவருபவர்களுக்கு ஊக்கம் தரச் சொல்கிறது. அதாவது அரசே அதை விரும்பியது.

மேலே ஏறி முடித்தவர்கள்தான் கீழே இருப்பவர்களைப் பார்த்து "காப்பி" என்கிறார்கள். இது எனக்குக் கோபம் தரும் விஷயம், அதனால் நீளமாகிவிட்டது.

கணபதி லேத் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னது எல்லாம் பெரிய நாடுகளின் கதை. நான் கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருப்பவன். காப்பி அடிக்கப்பட்டவனின் பக்கத்தையும் கேளுங்கள்.

ஹாஸ்டல், கல்யாண மண்டபம் மாதிரி இடங்களுக்காகத் தேங்காய் துருவும் மெஷின் ஒன்று செய்தேன். கை உள்ளே போகாதபடி ஸ்பிரிங் வைத்த ஒரு காவல் தகடு. அதுதான் என் வேலை, மற்றதெல்லாம் யாரும் செய்யக்கூடியது. அந்தத் தகட்டின் கோணம் சரியாக வருவதற்கே நிறைய காலம் ஆனது. விற்பனை சூடு பிடித்த சமயம், வார்ப்புக்குக் கொடுத்த பவுண்டரியில் இருந்தே என் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி வடிவம், வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அதே மெஷின், அதே பச்சை நிறம், பெயர்ப் பலகையில் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

எனக்கு வலித்தது எது தெரியுமா? பார்த்துச் செய்ததில் இல்லை. நானும் ஒரு முதலாளியிடம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என்னைக் காப்பி அடித்த ஆள் காசு மிச்சம் பிடிக்கக் காவல் தகட்டை மெல்லிசாக்கி ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டார். தகடு எதற்காக இருக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை, அழகுக்கு என்று நினைத்திருக்கிறார். ஒரு மண்டபத்தில் சமையல்காரர் ஒருவருக்கு விரலில் அடிபட்டு, என் மெஷின் என்று நினைத்து என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். அந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

பம்ப் டிசைன் எழுதியது:

அண்ணா, மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் செய்வது ஒன்று. வாங்குபவரிடம் இது இன்னாருடைய பொருள் என்று பொய் சொல்வது இன்னொன்று. இரண்டுமே உங்களுக்கு நடந்திருக்கிறது.

ரிச்சி தெரு எழுதியது:

சைனா செட் பற்றி யாருமே பேசவில்லையே. சென்னை ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ் செய்கிறேன், 2007, 2008 காலத்து செட்டெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

அப்போது சைனா செட், கொரியன் செட் என்று கூடை கூடையாக வரும். வெளியே பார்த்தால் நோக்கியா மாதிரி, எழுத்தில் நோகியா, நோக்லா என்று ஏதாவது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் தைவான் கம்பெனி மீடியாடெக்கின் சிப். அந்தக் கம்பெனி சிப்பை மட்டும் விற்கவில்லை. போர்டு வரைபடம், மென்பொருள் எல்லாம் சேர்த்துத் தந்தது. அதனால்தான் ஷென்சென் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு போன் கம்பெனி தொடங்க முடிந்தது. அங்கே ஹுவாசியாங்பெய் என்று ஒரு மார்க்கெட் இருக்கிறது, எங்கள் தெருவைப் பல மடங்கு பெரிதாக்கினால் அது. ஒரு கடையில் டிஸ்பிளே, அடுத்த கடையில் பேட்டரி, மாடியில் மோல்டு. ஒருவர் செய்த போர்டை இன்னொருவர் எடுத்து மாற்றுவார், அதைக் கேட்பாரும் இல்லை, மறைப்பாரும் இல்லை.

அந்த செட்டில் குறை நிறைய. பேட்டரி உப்பிவிடும், சார்ஜர் சுடும், ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக இருக்க வேண்டிய ஐஎம்இஐ அடையாள எண் பூஜ்யமாக இருக்கும் அல்லது ஆயிரம் செட்டுக்கு ஒரே எண். 2009 டிசம்பரில் அப்படிப்பட்ட செட்டுகளுக்கு சிக்னல் கொடுக்கக் கூடாது என்று நம் அரசு நிறுத்தியது. அது சரியான முடிவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு சிம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டது நம் ஜனங்கள். ஒரு சிம்மில் ஊருக்குப் பேசச் சலுகை, இன்னொன்றில் இன்கமிங். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் ஆலை வைத்து நம் கண் முன்னாடி செட் தயாரித்தது. அவர்கள் முதல் இரட்டை சிம் செட்டை அறிவித்தது 2010இல்தான். அதற்குள் நான் நூற்றுக்கணக்கில் இரட்டை சிம் சைனா செட் ரிப்பேர் செய்து முடித்துவிட்டேன். பெரிய பொத்தான், தெருவே கேட்கும் ஸ்பீக்கர், ஒரு வாரம் தாங்கும் பேட்டரி, டார்ச். வயசானவர்களுக்கும் கட்டட வேலை செய்பவர்களுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்தது அந்தக் காப்பிக்காரர்கள்தான். இதை ஒரிஜினல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதே ஷென்செனில் இருந்து வந்த டிரான்ஷன் கம்பெனி இன்று டெக்னோ, ஐடெல் என்ற பெயர்களில் ஆப்பிரிக்காவில் முன்னணியில் இருக்கிறது. கறுப்பு நிறத் தோல் இருட்டில் சரியாகப் படமெடுக்கும்படி கேமராவைத் திருத்தினார்கள். அதைப் பெரிய பிராண்டுகள் முதலில் செய்திருக்கலாமே.

நேர்கோடு எழுதியது:

ரிச்சி தெரு அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மீடியாடெக் சிப்பை யார் டிசைன் செய்தது? அந்தக் கம்பெனியின் சொந்த உழைப்பு. செல்போன் நெட்வொர்க்குக்கான ஜிஎஸ்எம் தரத்தை உருவாக்கியது யார்? ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள். அடியில் யாரோ ஒருவர் முதலில் கண்டுபிடித்தால்தான் மேலே நாலு பேர் மாற்றி விளையாட முடியும். அந்த முதல் ஆளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் கணபதி அண்ணனுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும். அவருடைய கதை என் வாதத்துக்குச் சாட்சி என்றே நினைக்கிறேன்.

மாத்திரை எழுதியது:

பாதுகாப்பு வேண்டும், சரி. எவ்வளவு, எதற்கு என்பதில்தான் விஷயம். நான் மருந்துத் துறையில் இருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளைக்காரர் காலத்துக் காப்புரிமைச் சட்டம்தான் நம்மிடம் இருந்தது. அதை ஆராய்ந்து 1959இல் அறிக்கை கொடுத்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டினர் கையில் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரிய பகுதி இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்று அவர் காட்டினார். அதாவது யாரோ செய்வதற்காக இல்லை, நாம் செய்யாமல் இருப்பதற்காகவே பதிவு. அந்த அறிக்கையை ஒட்டி 1970இல் சட்டம் வந்தது, 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் வழிமுறைக்கு மட்டும் உண்டு என்றார்கள். வேறு வழியில் அதே மூலக்கூறைச் செய்யலாம். அப்படி வேறு வழி தேடித் தேடித்தான் நம் வேதியியலாளர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

2000ஆம் ஆண்டு வாக்கில் எச்ஐவி கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லாவின் தலைவர் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நேர்கோடு கவனிக்க வேண்டியது அடுத்தது. சிப்லா மூன்று மருந்துகளையும் ஒரே மாத்திரையில் வைத்தது. அசல் கம்பெனிகளால் அதை எளிதில் செய்ய முடியவில்லை, மூன்று மருந்தின் காப்புரிமையும் வெவ்வேறு கம்பெனிகளிடம் இருந்தன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆனதும், படிக்கத் தெரியாத கிராமத்து நோயாளியும் மருந்தைத் தவறாமல் சாப்பிட முடிந்தது. நகல் எடுத்தவர்கள் செய்த இந்த மாற்றம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தச் செய்தியைப் படித்துத்தான்.

2005இல் பொருள் காப்புரிமை திரும்ப வந்துவிட்டது. ஆனால் பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிதாகப் பதிவு செய்வதைத் தடுக்க 3(டி) பிரிவு இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்கின் விண்ணப்பத்தை முதலில் மறுத்தது 2006இல் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெரிய கம்பெனி தன் சொந்தப் பழைய பொருளையே நகல் எடுத்துப் புதிது என்று சொல்வதும் நடக்கிறது, அதையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகோயா எழுதியது:

ஜப்பானின் நகோயா நகரில் இருந்து எழுதுகிறேன். நான் வேலை செய்வது வாகன உதிரிபாகத் துறை.

இந்த ஊரில் டொயோட்டாவின் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பகுதி தறிகளுக்கு, இன்னொரு பகுதி கார்களுக்கு. கார் பகுதிக்குள் நுழைந்தால் அவர்கள் எதையும் மறைப்பதில்லை. கீச்சிரோ டொயோடா 1933ஆம் ஆண்டு செவர்லே காரை வாங்கிக் கழற்றி, அந்த எஞ்சினைப் பார்த்துத் தன் முதல் எஞ்சினைச் செய்தார். 1936இல் வந்த ஏஏ காரின் உடல் கிரைஸ்லரின் ஏர்ஃப்ளோ மாதிரியே இருக்கும். பார்த்துச் செய்தோம் என்று சொல்வதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. இங்கே என் மேலாளர் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலில் சொல்வது, இருக்கிற மாதிரியே செய், ஏன் அப்படி என்று உன் கைக்குப் புரிந்த பிறகு மாற்று என்பதுதான். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது மரியாதை வந்துவிட்டது.

தறிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. ஜப்பானிய ஆலைகள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் இயந்திரங்களை வாங்கி ஓட்டின. சகிச்சி டொயோடா தறியைத் திருத்திக்கொண்டே போனார். நூல் அறுந்தால் தானாக நிற்கும், ஓடும்போதே நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை) மாற்றும். 1924இல் ஜி வகைத் தறி வந்தது. 1929இல் அதே பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு அந்தக் காப்புரிமையை வாங்க ஒப்பந்தம் போட்டது. வாத்தியார் மாணவனிடம் வந்து உரிமம் வாங்கிய கதை இது.

அப்புறம் 1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் கலிபோர்னியாவில் டொயோட்டாவோடு கூட்டு ஆலை தொடங்கியது, அவர்களின் உற்பத்தி முறையைக் கற்றுக்கொள்ள. அந்த உற்பத்தி முறையின் ஒரு பகுதியைத் தான் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்து யோசித்ததாக அதை உருவாக்கிய டொயோட்டா பொறியாளர் ஓனோவே எழுதியிருக்கிறார். யார் யாரைப் பார்த்தார்கள் என்று கணக்குப் போட்டு முடியாது.

நேர்கோடு எழுதியது:

நல்ல தகவல்கள், நன்றி. பிளாட் பிரதர்ஸ் காசு கொடுத்து உரிமம் வாங்கியது என்பதைக் கவனிக்கிறேன். அதுதான் நான் கேட்பது. கற்றுக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், மருந்து மாதிரி உயிர்ப் பிரச்சினையில் சட்டத்தையே வேறு மாதிரி எழுதுங்கள். ஆனால் முதலில் செய்தவரின் பெயரைச் சொல்லுங்கள், காசு கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். நம் ஊரில் எத்தனை கம்பெனி "இதை இன்னாரிடம் பார்த்துச் செய்தோம்" என்று அருங்காட்சியகத்தில் எழுதிவைக்கும்?

சுவடிப்பெட்டி எழுதியது:

அந்தக் கேள்வி சரியானது. ஒரு ஊர் மட்டும் எனக்குத் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததை சிவகாசியில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். வெளியூரில் கற்றது என்பதை மறைப்பதில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சுத் தொழில் வந்தது, பிறகு அதுவே தனித் தொழிலாக வளர்ந்தது. கல்கத்தாவிலிருந்து கற்று வந்தது தீப்பெட்டி, அதன் பின்னால் வந்த அச்சுத் தொழில் அந்த ஊரே உண்டாக்கிக்கொண்டது. ஓபர்காம்புக்கும் இவர்களுக்கும் நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் கற்ற இடத்தின் பெயர் கதையில் நிலைத்ததுதான். சாயக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கணபதி லேத் எழுதியது:

எல்லோரும் நிறையப் படித்தவர்கள், சந்தோஷம். எனக்கு ஒரு உதவி வேண்டும். அதே மெஷினில் காவல் தகட்டுக்குப் பதிலாக வேறு ஒரு ஏற்பாடு யோசித்து வைத்திருக்கிறேன். மூடி சரியாக உட்காராவிட்டால் மோட்டாரே ஓடாது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை. இந்த முறை பேட்டர்ன் வெளியே போகாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? அடுத்த மாதம் கொடிசியா கண்காட்சியில் வைக்கலாம் என்று இருந்தேன்.

படிவம் இரண்டு எழுதியது:

ஐயா, காப்புரிமை விண்ணப்பங்கள் தயாரிப்பதுதான் என் வேலை. கண்காட்சிக்கு வைக்காதீர்கள். முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கண்காட்சி. வெளியே காட்டிய பிறகு அது புதியது என்று சொல்வது கஷ்டம். அரசு அறிவித்த சில கண்காட்சிகளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு, அதை நம்பி இறங்க வேண்டாம்.

உங்கள் பழைய மெஷினை இனி பதிவு செய்ய முடியாது, சந்தையில் வந்துவிட்டது. ஆனால் ஒரு எழுத்து மாற்றிய அந்தப் பெயர்ப் பலகை வேறு விஷயம். உங்கள் பெயரை இப்போதும் வணிகச் சின்னமாகப் பதியலாம். பதியாமலே கூட, உங்கள் பொருள் போல ஏமாற்றி விற்பதற்கு எதிராக வழக்குப் போட முடியும். பழைய பில்கள், விளம்பரம், அந்த மண்டபத்துக்காரர் எழுதிக் கொடுத்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

புதிய ஏற்பாட்டுக்குத் தற்காலிக விண்ணப்பம் போடலாம். முழு விவரத்தைத் தர அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு, காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அதற்கு முன் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இதே மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மூடி உட்காராவிட்டால் ஓடாது என்ற யோசனை மிக்சிகளில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் உங்கள் ஏற்பாடு அதிலிருந்து எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதுதான் முக்கியம். அதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். மெஷினின் வெளித் தோற்றத்துக்கு டிசைன் பதிவு தனி, முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. அதுவும் விற்பனைக்கு முன்னால் செய்ய வேண்டும்.

பம்ப் டிசைன் தம்பிக்கு: ஆராய்ச்சிக்காகவோ கற்பிப்பதற்காகவோ காப்புரிமை உள்ள பொருளைப் பயன்படுத்துவதைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கழற்றி அளப்பதில் பயம் வேண்டாம். அளந்ததை அப்படியே தயாரித்து விற்க நினைக்கும்போது, அந்தப் பாகத்துக்கு இங்கே உயிரோடு இருக்கும் காப்புரிமை உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டில் மட்டும் பதிவு செய்து இந்தியாவில் பதிவு செய்யாதது நிறைய இருக்கும், காலாவதி ஆனதும் நிறைய இருக்கும். அவை எல்லோருக்கும் திறந்தவை.

ஐயா, பவுண்டரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பேட்டர்ன் யாருக்குச் சொந்தம், வேலை முடிந்ததும் யாரிடம் திரும்பி வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். வரைபடம் கையால் வரைந்ததாக இருந்தாலும் தற்காலிக விண்ணப்பத்துக்குப் போதும். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு பேட்டர்னை அனுப்புங்கள்.